சைட் வேலையை விட்டதும் தொப்பை போடுவது ஏன்?

கம்பிக்கட்டு:
சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் கட்டட வேலையில் கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது சேஃப்டி வேலைக்கு மாற்றிவிட்டார்கள், பாதி நாள் கன்டெய்னர் ஆபீஸில் ஏசிக்குள் பேப்பர் வேலை. சாப்பிடுவது அதே கேட்டரிங் சாப்பாடுதான், ஒரு பிடி கூட அதிகமில்லை, ஆனால் பேன்ட் பட்டன் மாட்ட முடியவில்லை. வீடியோ காலில் அம்மா "இப்பத்தான் பார்க்க நல்லா இருக்கே" என்கிறார், டாக்டர் முகம் சுளிக்கிறார். ரூமில் ஒரு அண்ணன் இன்னமும் கம்பிதான் தூக்குகிறார், அவருக்கும் தொப்பை! வேலைக்கும் எடைக்கும் சம்பந்தம் இருக்கா இல்லையா?

ஜூரோங்வாசி:
ஒரு பிடி கூடக் குறையவில்லையே தம்பி, வம்பே அதுதான். கட்டுமான வேலைக்கும் நாற்காலி வேலைக்கும் 65 கிலோ ஆளுக்கு மணிக்குச் சுமார் 150 கலோரி வித்தியாசம் வரும். வேலை குறைந்தால் பசியும் தானாகக் குறைந்துவிடாது. 1956இல் ஊட்டச்சத்து ஆய்வாளர் ழான் மேயர் குழு மேற்கு வங்கச் சணல் ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. உட்கார்ந்தே இருந்த குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் லேசான வேலை செய்தவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள், எடையும் அதிகம். ஓரளவு உடம்பு அசைகிற வேலைக்கு மேலேதான் உழைப்புக்கேற்ப சாப்பாடு ஏறியது.

பஸ்கேப்டன்:
எங்கள் தொழிலிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். லண்டன் பஸ் ஓட்டுநர், கண்டக்டர் இவர்களின் சீருடை அளவுகளை வைத்தே மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மாரிஸ் குழுவினர் ஒரு கட்டுரை எழுதினார்கள், அதுவும் 1956தான். நாள் முழுக்க மாடி பஸ்ஸில் ஏறி இறங்கிய கண்டக்டர்களைவிட ஓட்டுநர்களின் பேன்ட் இடுப்பு பெரிது. ஆனால் ஒன்று, இளம் வயது ஓட்டுநர்களிடமே ஏற்கெனவே அந்த வித்தியாசம் தெரிந்தது, சேரும்போதே இடுப்பு பெரிதாக இருந்திருக்கலாம், ஆகவே எல்லாப் பழியையும் சீட் மேல் போட முடியாது. என் இடுப்பு மட்டும் சத்தியமாக சீட்டால்தான்.

தேக்கா அக்கா:
அந்த அண்ணன் என்ன குடிக்கிறார் என்று பாருங்கள். ஓவர்டைம் முடித்து வந்து பாக்கெட் சோறு முழுவதையும் சாப்பிட்டு உடனே படுப்பது, நடுவில் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிய தே (டீ), ராத்திரி தூக்கம் பத்தாமல் மறுபடி விடியற்காலை லாரி. இதில் கம்பி தூக்கி என்ன பிரயோஜனம்? பாரம் தூக்குவதை உடற்பயிற்சிக் கணக்கில் எழுதவும் கூடாது. 2018இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வேலையில் கடுமையாக உழைத்த ஆண்களுக்குச் சீக்கிரம் இறக்கும் அபாயம் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. நம்ம ஆட்களுக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு, 23 தாண்டினாலே கவனிக்க வேண்டும், 27.5 என்றால் அபாயம் அதிகம். முதலில் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறுங்கள்.

கம்பிக்கட்டு:
தே சரி, மாறிவிடலாம். ராத்திரிக்கு அரைச் சோறு போதும் என்றால் கேட்டரிங்காரர் காசு குறைப்பாரா?

ஜூரோங்வாசி:
குறைக்கமாட்டார். சோற்றைக் குறைத்துக் காய் கூட வைக்கச் சொல்லிப் பாருங்கள், அதற்குச் சில பேர் ஒத்துக்கொள்வார்கள்.