மங்கட்–ராய் இணை 413 ஓட்டங்கள் எடுத்தது சேப்பாக்கத்திலா, நேரு விளையாட்டரங்கிலா?

கேள்வி – புரசைவாசி

டெஸ்ட் கிரிக்கெட்டில் தொடக்க ஆட்டக்காரர்களாக வினூ மங்கட்டும் பங்கஜ் ராயும் 1956ஆம் ஆண்டு நியூசிலாந்துக்கு எதிராகச் சேர்த்த 413 ஓட்டங்கள் சேப்பாக்கத்தில் எடுக்கப்பட்டவை என்றுதான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் சாதனைப் பட்டியல்களில் பெரியமேட்டு நேரு விளையாட்டரங்கின் பெயர் இருக்கிறது. என் தலைமுறையினருக்கு அது சென்னையின் எஃப்.சி. அணி விளையாடும் கால்பந்து மைதானம் மட்டுமே. அங்கு உண்மையிலேயே டெஸ்ட் ஆட்டங்கள் நடந்தனவா? நடந்திருந்தால், இனியும் நடக்க வாய்ப்பு உண்டா?

மறுமொழி – பழைய ஸ்கோர்கார்டு

பட்டியல் சரியானதே. அன்று கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்று அழைக்கப்பட்ட அந்த அரங்கில் 1956 முதல் 1965 வரை ஒன்பது டெஸ்ட் ஆட்டங்கள் நடைபெற்றன. அதற்கு முன்பு, 1952இல் இங்கிலாந்தை வீழ்த்தி இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது சேப்பாக்கத்தில். 1967இல் மேற்கிந்தியத் தீவுகள் அணி வந்தபோது டெஸ்ட் ஆட்டம் மீண்டும் அங்கேயே திரும்பியது. சேப்பாக்கத்துக்கு முன்னும் பின்னும் புகழ் இருப்பதால், இடைப்பட்ட பத்தாண்டுகளையும் நினைவு அதன் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறது.

மங்கட் 231, ராய் 173. முதல் நாள் முழுவதும் நியூசிலாந்துக்கு ஒரு விக்கெட்கூடக் கிடைக்கவில்லை. மூன்று விக்கெட் இழப்புக்கு 537 ஓட்டங்கள் என்ற நிலையில் ஆட்டத்தை முடித்துக்கொண்ட இந்தியா, ஓர் இன்னிங்ஸ் மற்றும் 109 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்றது. அந்த 413ஐ முறியடிக்க 52 ஆண்டுகள் ஆயின. 2008இல் சிட்டகாங்கில் தென்னாப்பிரிக்காவின் கிரேம் ஸ்மித்தும் நீல் மெக்கென்சியும் 415 ஓட்டங்கள் சேர்த்தார்கள். இந்தியர் ஒருவரின் அதிகபட்ச டெஸ்ட் ஓட்டம் என்ற பெருமை மங்கட்டின் 231இடம் 1983 வரை இருந்தது. அதைக் கடந்தது கவாஸ்கரின் 236. அது சேப்பாக்கத்தில் எடுக்கப்பட்டது என்பதும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

மறுமொழி – சுழற்பந்து ரசிகன்

மேலே எழுதிய நண்பர் மட்டையாளர்களோடு நிறுத்திக்கொண்டதால், பந்துவீச்சைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன். 1964 ஜனவரியில் இங்கிலாந்துக்கு எதிராக பாபு நட்கர்னி தொடர்ந்து 21 ஓவர்களை மெய்டனாக, அதாவது ஓர் ஓட்டமும் கொடுக்காமல், வீசியது இதே மைதானத்தில்தான். அந்த இன்னிங்ஸில் அவருடைய கணக்கு 32 ஓவர்கள், 27 மெய்டன்கள், 5 ஓட்டங்கள், விக்கெட் இல்லை. அதே ஆட்டத்தில் புதி குந்தரன் 192 ஓட்டங்கள் எடுத்தார். ஓட்டம் கொடுக்காதவர் என்று மட்டுமே நட்கர்னியை நினைவில் வைத்திருப்பது அவருக்குச் செய்யும் அநீதி என்று கருதுகிறேன். ஏனெனில் அதே ஆண்டு அக்டோபரில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக, அதே மண்ணில் அவர் 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார்; ஆனாலும் இந்தியா தோற்றது. 1962இல் சலீம் துரானி பத்து விக்கெட்டுகள் எடுத்து, இங்கிலாந்துக்கு எதிரான முதல் தொடர் வெற்றியை 2–0 என்று முடித்துவைத்ததும் இங்கேதான்.

மறுமொழி – பெரியமேடு கேலரி

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: வாய்ப்பு இல்லை, இருக்கவும் வேண்டாம். 1993 நேரு கோப்பைக் கால்பந்துப் போட்டிக்காக அந்த அரங்கம் புதிதாகக் கட்டப்பட்டது. 1995இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் அங்கு நடந்தன. இன்று உள்ளே இருப்பது கால்பந்துத் திடலும் அதைச் சுற்றிய தடகள ஓடுபாதையும். வழக்கமான 400 மீட்டர் ஓடுபாதையின் உட்பகுதி ஏறத்தாழ 73 மீட்டர் அகலம்தான் இருக்கும். நடுவில் கிரிக்கெட் ஆடுகளம் அமைத்தால் பக்கவாட்டு எல்லைக்கோடு 37 மீட்டருக்குள் வந்துவிடும். எட்டுத் தடங்களையும் சேர்த்துக்கொண்டாலும் 47 மீட்டரைத் தாண்டாது. சர்வதேச ஆட்டத்துக்கு வேண்டியது குறைந்தது 59 மீட்டர்.

இடம் போதுமான அளவு இருந்தாலும் புல்தரை பெரிய சிக்கல். கிரிக்கெட் ஆடுகளத்துக்குக் களிமண்ணை இறுக உருட்டிக் கெட்டிப்படுத்த வேண்டும். கால்பந்துக்கு நீர் விரைவாக வடியும் மென்மையான தரை வேண்டும். கொச்சி கலூர் அரங்கில் 2018இல் எழுந்த விவாதம் இதைப் பற்றியதே. கேரளா பிளாஸ்டர்ஸ் விளையாடும் புல்தரையைத் தோண்டி ஒருநாள் ஆட்டத்துக்கு ஆடுகளம் அமைக்கும் யோசனையைக் கால்பந்து வீரர்கள் எதிர்த்தார்கள். சச்சின் டெண்டுல்கரும் அவர்கள் பக்கம் பேசினார். இறுதியில் அந்த ஆட்டம் திருவனந்தபுரத்துக்கு மாற்றப்பட்டு, அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று அங்கு நடந்தது.