வலையொலி ஹோஸ்டிங்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்புடையீர்,
இதழியல் மாணவர்களுக்கான வலையொலி (பாட்காஸ்ட்) கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ஹோஸ்டிங் சேவையைத் தேர்ந்தெடுப்பது’ என்ற பாடத்தில் நிற்கிறேன். ஒலிக்கோப்பைத் தன் வழங்கியில் (சர்வரில்) வைத்து, ஆர்எஸ்எஸ் ஓடையும், அதாவது பகுதிகளின் பட்டியலைச் செயலிகளுக்குத் தரும் இணையக் கோப்பும், உருவாக்கித் தரும் சேவை அது. ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் போன்றவை பொதுவாக அந்த ஓடையைப் படித்துக் காட்டுவதோடு சரி. மாணவர்கள் இந்த இரண்டையும்தான் குழப்பிக்கொள்கிறார்கள். ஹோஸ்டிங்குக்குத் தமிழில் ‘வலையொலிப் புரவல்’ பொருந்துமா?
— செ.

செ. அவர்களுக்கு,
புரவல் வேண்டாம். ஸ்பான்சரைப் ‘புரவலர்’ என்றுதான் எழுதுகிறோம். ‘புரவல் கட்டணம்’ என்று போட்டால், கொடுப்பவர் யார், வாங்குபவர் யார்? ‘ஓம்பல்’ இருக்கிறதே! வலைத்தளத்துக்கு ‘வலை ஓம்பல்’ என்று ஏற்கெனவே எழுதுகிறார்கள். விருந்தோம்பலைத் தெரியாத தமிழ் மாணவர் உண்டா?
— அ.மு.

அ.மு. ஐயா,
ஓம்புதல் என்றால் பேணுதல் மட்டுமல்லவே. ‘நல்லது செய்தல் ஆற்றீர் ஆயினும் அல்லது செய்தல் ஓம்புமின்’ என்பது புறநானூறு 195, நரிவெரூஉத்தலையார் பாட்டு. அங்கே ஓம்புமின் என்றால் தவிருங்கள். ‘வெறுப்புப் பேச்சை ஓம்பும் சேவை’ என்று நாளை ஒருவர் எழுதினால் எந்தப் பொருளில் எடுத்துக்கொள்வது? என் பரிந்துரை ‘ஒலிக்கிடங்கு’. முதலாண்டு மாணவருக்கு விளக்கமே வேண்டாம். ஆங்கிலேயரின் ‘கோடவுன்’கூடக் கிடங்கிலிருந்து போனது என்று சொல்வோர் உண்டு.
— இரா.

இரா.,
பழைய பொருளைத் தேடிப் போனால் கிடங்கு என்பது அகழி! பிறகுதான் பண்டசாலை ஆனது. ஓம்பலுக்கு ஒரு நியாயம், கிடங்குக்கு ஒரு நியாயமா?
— அ.மு.

இருவருக்கும் வணக்கம்.
நான் வலையொலி நடத்துகிறவள், இலக்கணம் பேசவில்லை. அரை மணி நேரப் பேச்சு 64 கேபிபிஎஸ் மோனோவில் 14 எம்பி சொச்சம்தான். அதை எங்கே வேண்டுமானாலும் போட்டு வைக்கலாம். உயிர் ஓடையில் இருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ‘என்க்ளோஷர்’ என்றொரு வரி: கோப்பின் முகவரி, பைட் அளவு, வகை. கேட்கும் செயலி அந்த வரியைப் பிடித்துத்தான் கோப்பைக் கண்டுபிடிக்கிறது. சேவையை மாற்றும்போது பழைய ஓடையை 301 வழிமாற்றத்தால், அதாவது ‘முகவரி நிரந்தரமாக மாறிவிட்டது’ என்று செயலிக்குச் சொல்லும் குறியீட்டால், புதியதற்குத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் சேர்த்த நேயர்கள் பழைய முகவரியிலேயே நின்றுவிடுவார்கள். ‘வெளியேறும்போது வழிமாற்றம் தருவீர்களா?’ என்பதுதான் மாணவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. இலவசத் திட்டத்தில் கோப்புகள் எத்தனை நாள் இருக்கும் என்பது அப்புறம். கிடங்கு என்ற சொல்லில் இது எதுவும் தெரியாது. ஓம்பலில் ஓரளவு தெரிகிறது, தொடர்ந்து பார்த்துக்கொள்கிற வேலை என்று.
— ம.

ம. அக்கா சொன்ன வழிமாற்றக் கேள்வியைப் பாடத்தின் முதல் பத்தியாகவே வைத்துவிட்டேன். நாலு பேரில் மூவர் ஓம்பல் பக்கம் என்று எடுத்துக்கொண்டு ‘வலையொலி ஓம்பல்’ என்றே அனுப்புகிறேன். முதல் முறை வரும் இடத்தில் ‘ஹோஸ்டிங்’ என்பதும் பக்கத்தில் இருக்கும்.
— செ.

செ.,
அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் எனக்கு உடன்பாடில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: நிகழ்ச்சி நடத்துபவரும் ஆங்கிலத்தில் ஹோஸ்ட்தானே? அவரை ‘ஓம்புநர்’ ஆக்கிவிடாதீர்கள். ‘தொகுப்பாளர்’ போதும்.
— இரா.