புதுப்பிப்பு: நுண்துளை வெள்ளைப் பூச்சு கண்ணாடி மாதிரி வருவது ஏன்?

கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 2018-இல் வெளியிட்ட, வெயிலைத் திருப்பியடித்துக் கூரையைக் குளிர்விக்கும் பூச்சின் விகிதத்தை முந்தைய பதிவில் தந்திருந்தேன்: பி.வி.டி.எஃப்-எச்.எஃப்.பி என்ற பிளாஸ்டிக் வகைப் பாலிமர் 1, அசிட்டோன் 8, தண்ணீர் 1, எல்லாம் எடைக் கணக்கு. “காய்ந்தும் வெள்ளையே வரவில்லை” என்ற கேள்விக்குத்தான் இது.

பூச்சை வெள்ளையாகக் காட்டுவது ஒளியைச் சிதறடிக்கும் நுண்துளைகள். அந்தத் துளையை உண்டாக்குவது தண்ணீர். அசிட்டோன் முந்திப் பறந்துவிட, பாலிமர் தண்ணீர்த் துளிகளைச் சுற்றி இறுகுகிறது. பிறகு துளி காய்ந்து இடம் காலியாகிறது. தண்ணீரைக் குறைத்தால் வெறும் பளபளப்புப் படலம். மொத்தமாக ஊற்றினாலோ, பால் திரிகிற மாதிரி பாட்டிலுக்குள்ளேயே திரிந்துவிடும். பாலிமர் முழுக்கக் கரைந்த பின், கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள். (பக்கத்தில் அடுப்பு வேண்டாம், அசிட்டோன் ஆவி குப்பென்று பிடிக்கும்.)

காய்ந்த தடிமன் 300 மைக்ரான் (0.3 மி.மீ.) வரட்டும். மெலிந்தால் வெயில் ஊடுருவி அடித்தளம் சுடும்.

குளிர்காலத்தில் இதே பூச்சு சூடு தர வேண்டுமானால், அடியில் கறுப்புத் தகடு, துளைக்குள் ஐசோபுரொப்பனால் என்ற ஆல்கஹால். அதன் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) சுமார் 1.38, பாலிமருடையதற்கு மிக அருகில்; அதனால் ஒளி சிதறாமல் ஊடுருவும். துளை நிரம்பியதும் வெள்ளை மறைந்து கறுப்பு தெரியும், சூடு ஏறும். வெறும் தண்ணீர் உதவாது, பாலிமர் அதை உள்ளே விடாது. திறந்த கூரையில் ஐசோபுரொப்பனால் ஆவியாகிவிடும். மூடிய பலகத்துக்குள்தான் இது சரிப்படும்.