பிரம்பு போன தேக்கு நாற்காலிக்குப் பிளைவுட் அடிக்கலாமா?

காட்பாடிக்காரன்:
அப்பா 1964இல் சொல்லிச் செய்த சாப்பாட்டு மேசை நாற்காலிகள், ஆறு. எல்லாம் தேக்கு. கால்கள் மேலே தடித்து, கீழே வர வர ஒல்லியாகும். பின்னங்கால் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும். நான்கில் பிரம்பு தொங்கிவிட்டது. ஐந்தாவதில் போன வாரம் பேரன் நேராக உள்ளே இறங்கிவிட்டான். இழுத்து எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஆசாரி, "பிளைவுட் அடிச்சு ரெக்சின் போட்டுடலாம்" என்கிறார். வாங்க வந்த ஒருவரோ "சண்டிகர் நாற்காலி" என்று புகழ்ந்துகொண்டே அடிமாட்டு விலைக்குக் கேட்டார். என்ன செய்யட்டும்?

சத்துவாச்சாரி அக்கா:
ரெக்சின் மட்டும் வேண்டாம். நம் ஊர் சித்திரை வெயிலில் அதில் உட்கார்ந்து எழுந்தால் புடவை கூடவே வரும். அனுபவம்.

இழைப்புளி:
ஐயா, நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளை இருந்தால் கையால் பின்னியது. அதை ஒட்டி ஆணி இறங்கினால் சட்டம் பிளந்துவிடும். துளை இல்லாமல் மேலே காடி (நீளமான பள்ளம்) மட்டும் ஓடினால், பின்னிய பிரம்பு விரிப்பைக் காடியில் அழுத்தி ஒட்டியது. அந்த வேலை சுலபம். கைப்பின்னலுக்குப் பிரம்பை ஊறவைத்துத்தான் இழுப்பார்கள், காய்ந்ததும் தானாக இறுகும்.

மூட்டு ஆடுகிறதா? ஒட்டியது அந்தக் காலத்து வஜ்ஜிரமாக (விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கும் பசை) இருந்தால் சூடு காட்டினால் இளகும். சுரண்டி எடுத்த பிறகு புதுப் பசை போடச் சொல்லுங்கள். பழசின் மேலேயே ஊற்றினால் பிடிக்காது.

சண்டிகர் என்றது கதை. 1950களில் சுவிஸ் கட்டடக் கலைஞர் பியர் ஜான்னரே அங்கே அலுவலகங்களுக்குச் செய்தவற்றில் பெயர்பெற்றதைப் பக்கவாட்டில் பார்த்தால், கால்கள் கவிழ்த்துப் போட்ட 'வி' மாதிரி இருக்கும். பலவற்றில் அலுவலக எண்ணும் எழுதியிருக்கும். கழித்துக்கட்டியவைதான் வெளிநாட்டு ஏலத்தில் லட்சங்களுக்குப் போயின. உங்களுடையது டென்மார்க் சாயல். அங்கே ஹான்ஸ் வெக்னர் என்ற வடிவமைப்பாளர் 1949இல் வரைந்த நாற்காலிக்கு இருக்கை பின்னவே சுமார் 120 மீட்டர் காகிதக் கயிறு வேண்டும். நம் ஆசாரிகளுக்குப் பிரம்பு கைவசம் இருந்தது.

காட்பாடிக்காரன்:
கவிழ்த்தேன் தம்பி. துளைதான். எண் ஒன்றும் இல்லை, பேரன் ஒட்டிய சூயிங்கம் இருக்கிறது. பிரம்பு பின்னுகிறவரைத் தேட வேண்டும். அதற்குள் ஆசாரி நாளைக் காலையில் பிளைவுட்டோடு வந்து நிற்பார், அவரிடம் என்ன சொல்வது?