பினாங்கு வரைபடத்தைச் சுருக்கினால் ஜெரெஜாக் தீவு காணாமல் போகிறது, உதவுங்கள்

ஜெலுத்தோங் டீச்சர்:
வணக்கம். பினாங்கின் 5 மாவட்டங்களில் எங்கே எத்தனை தமிழ்ப்பள்ளிகள் என்று நிறத்தால் காட்டும் வரைபடம் ஒன்று செய்கிறேன். பெற்றோர்கள் கைப்பேசியில் பார்ப்பதற்கு. கிடைத்த எல்லைக் கோப்பு 18 எம்பி. அது திறப்பதற்குள் பார்க்க வந்தவர் மூடிவிட்டுப் போய்விடுவார்.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், எல்லைக் கோட்டின் புள்ளிகளைக் குறைத்துச் சுருக்கும் சிம்ப்ளிஃபை கருவியை எடுத்து, அளவு 0.02 என்று கொடுத்தேன். கோப்பு சின்னதாகிவிட்டது. ஆனால் மத்திய செபராங் பிறைக்கும் தென் செபராங் பிறைக்கும் நடுவே வெள்ளைக் கீறல்கள். சில இடங்களில் ஒரு மாவட்டம் இன்னொன்றின் மேல் ஏறிக் கிடக்கிறது. அமான் தீவைக் காணோம், ஜெரெஜாக்கையும் காணோம்.

ஜெரெஜாக்கில் பள்ளி இல்லை, தெரியும். ஆனால் என் கொள்ளுத்தாத்தா கப்பலில் வந்தபோது, நோய்த் தடுப்புக்காக முதலில் தங்கவைத்தது அந்தத் தீவில்தான். அது இல்லாத பினாங்கு வரைபடத்தை வெளியிட எனக்கு மனம் வரவில்லை.

செந்தூல் வாசி:
டீச்சர், அந்த 0.02 மீட்டர் இல்லை, பாகை. உங்கள் கோப்பு அட்சரேகை, தீர்க்கரேகையில் இருக்கிறது. ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். அப்படியென்றால் 2.2 கிலோமீட்டருக்குள் அடங்கும் நெளிவையெல்லாம் அழித்துவிடு என்று சொல்லியிருக்கிறீர்கள். ஜெரெஜாக்கின் அகலமே அவ்வளவு இல்லை.

கீறலுக்குக் காரணம் வேறு. அந்தக் கருவி ஒவ்வொரு மாவட்டத்தையும் தனித்தனியாகச் சுருக்குகிறது. பொது எல்லையில் இந்தப் பக்கம் ஒரு புள்ளியை விடும், அந்தப் பக்கம் வேறொன்றை விடும். மேப்ஷேப்பர் என்ற வரைபடம் சுருக்கும் இணையக் கருவியில் போட்டுப் பாருங்கள். இரண்டு மாவட்டங்களுக்கும் பொதுவான எல்லையை அது ஒரே கோடாக எடுத்துக்கொள்ளும், பிளவு வராது. உலாவியிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டாம்.

பட்டர்வொர்த் கடலோரம்:
அங்கே எந்த முறையில் சுருக்குவது என்றும் கேட்கும். டக்ளஸ்–பியூக்கர் 1973இல் வந்தது. கோட்டிலிருந்து தூரமாக விலகும் புள்ளிகளை விடாமல் வைத்துக்கொள்ளும். அதிகமாகச் சுருக்கினால் கரை முள்முள்ளாகிவிடும். விஸ்வலிங்கம்–வையட் 1993இல் வந்தது. அடுத்தடுத்த மூன்று புள்ளிகள் சேர்ந்து எவ்வளவு சின்ன முக்கோணம் ஆகிறது என்று பார்த்து, மிகச் சின்னதன் நடுப்புள்ளியை எடுத்துவிடும். அப்புறம் மறுபடி கணக்குப் போடும். பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில் இருக்கும் மூக்கா ஹெட் முனையைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். நான் விஸ்வலிங்கம் முறையைத்தான் எடுப்பேன்.

எவ்வளவு சுருக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு: கைப்பேசித் திரையில் வரைபடம் 360 பிக்சல் அகலம் என்றால், பினாங்கு மாநிலம் முழுவதும் அதில் அடங்கும்போது ஒரு பிக்சல் நூறு மீட்டருக்கு மேல் வரும். அதைவிட நுணுக்கமான வளைவு யார் கண்ணுக்கும் தெரியாது.

ஜெலுத்தோங் டீச்சர்:
நன்றி தம்பிகளே. மேப்ஷேப்பரில் புள்ளிகளை 2 சதவீதத்துக்கு இறக்கினேன். கீறல் போய்விட்டது. உருவம் மறையாமல் தடுக்கும் பெட்டியிலும் டிக் வைத்தேன். ஆனாலும் அமான் தீவு வரவில்லை, ஜெரெஜாக் ஒரு சின்ன முக்கோணம்.

செந்தூல் வாசி:
அந்தப் பெட்டி மாவட்டம் மொத்தமாக மறையாமல்தான் காக்கும். பல துண்டுகளாக இருக்கும் மாவட்டத்தில் பெரிய துண்டை மட்டும் காப்பாற்றும். அமான் தீவு தென் செபராங் பிறையின் ஒரு துண்டு, அதனால் போய்விடுகிறது.

சுருக்குவதற்கு முன் எக்ஸ்புளோட் கட்டளை கொடுங்கள். ஒவ்வொரு துண்டும் தனி உருவமாகிவிடும். அப்புறம் சுருக்கி, மாவட்டப் பெயரை வைத்து டிசால்வ் கட்டளையால் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். டிசால்வ் மற்ற நெடுவரிசைகளை விட்டுவிடும், அதனால் பள்ளி எண்ணிக்கையை அதற்குப் பிறகு இணைப்பது நல்லது. பெயரில்லாத பாறைத் திட்டுகளும் தங்கிவிடும். அவற்றைப் பரப்பளவு வைத்து முதலிலேயே வடிகட்டுங்கள், அமான் தீவின் பரப்பைவிடக் குறைவான அளவாகப் பார்த்து.

பட்டர்வொர்த் கடலோரம்:
தீவுக்கு யாருடனும் பொது எல்லை கிடையாது டீச்சர். ஜெரெஜாக்கையும் அமானையும் தனியே எடுத்து லேசாகச் சுருக்கிவிட்டு, டிசால்வுக்கு முன் சேர்த்தாலும் எதுவும் கெடாது. ஏற்றுமதியில் தசமத்துக்குப் பின் 4 இலக்கம் போதும். அதுவே 11 மீட்டர் துல்லியம்.

ஜெலுத்தோங் டீச்சர்:
முடிந்தது! 18 எம்பி இப்போது 90 கேபி. மகளின் பழைய கைப்பேசியில் தொட்டதும் திறக்கிறது. இரண்டு தீவையும் தம்பி சொன்னபடி தனியே சுருக்கினேன். ஜெரெஜாக்கின் நீள உருவம் அப்படியே இருக்கிறது, பக்கத்தில் பெயரும் போட்டுவிட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும்: அடுத்து நாட்டின் 222 நாடாளுமன்றத் தொகுதிகளுக்கும் இதே வழி ஒத்துவருமா?

செந்தூல் வாசி:
அதற்கு வேண்டாம். கோலாலம்பூர் மொத்தமே 243 சதுர கிலோமீட்டர், சரவாக் 1,24,450. எல்லையை எப்படிச் சுருக்கினாலும் எங்கள் 11 தொகுதிகளும் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். தொகுதிக்கு ஒரு கட்டம், எல்லாம் ஒரே அளவு என்று அடுக்குங்கள். தொடங்கும்போது தனி இழை போடுங்கள், வருகிறேன்.