கவுண்டர் -1 காட்டுகிறது, வெங்காயம் இரண்டு மடங்கு போகிறது

கடலோரக் கோச்சி எழுதியது:

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரிக்காக ஆண்ட்ரொய்டில் சின்ன மெசேஜ் ஆப் ஒன்று எழுதுகிறேன். வெளியூர்க் கடைக்காரர்கள் அதில் ஓடர் போடுவார்கள், இங்கே பார்த்து லொறியில் ஏற்றுவார்கள். வெப்சொக்கெட் இணைப்பு, அதாவது போனுக்கும் சேர்வருக்கும் இடையில் திறந்தே இருக்கும் லைன். சேர்வரும் நான் எழுதியதுதான், குற்றம் சொல்ல வேறு ஆளில்லை.

பதில் வராமல் நிற்கும் ரிக்வெஸ்டுகளை அறிய ஒரு கவுண்டர் வைத்தேன். அனுப்பினால் ஒன்று கூட்டும், பதில் வந்தால் ஒன்று கழிக்கும். பூச்சியத்துக்கு மேல் இருந்தால் திரையில் வட்டம் சுற்றும். 15 செக்கனில் பதில் வராவிட்டால் ஒன்றைக் கழித்துவிட்டு மறுபடி அனுப்பும்.

வீட்டு வைஃபையில் ஒரு குறையும் இல்லை. காலையில் வெள்ளவத்தையில் கோச்சி ஏறினால்தான் கூத்து. பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று சிக்னல் போய்ப் போய் வரும். கோட்டையில் இறங்கும்போது கவுண்டர் சில நாள் 3இல் நிற்கும், வட்டம் ஓயாது. சில நாள் -1. முதலில் -1ஐப் பார்த்துச் சிரித்தேன். போன கிழமை ஒரு கடைக்காரர் 20 மூட்டை பெரிய வெங்காயம் கேட்க, 40 மூட்டை போய் இறங்கியிருக்கிறது. முதலாளி ஏசவில்லை. பிளேன்ரீ தந்துவிட்டு, "தம்பி, என்ர கொப்பி ஒருநாளும் தானாக இரண்டு தரம் எழுதினதில்லை" என்றார். ஏசியிருக்கலாம்.

கவுண்டரைப் பூச்சியத்துக்குக் கீழே போகவிடாமல் தடுத்தால் போதுமா?

பழைய சொக்கெட் எழுதியது:

போதாது, பிழை ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். உங்கள் -1ஐக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அனுப்பியதும் 1. டைம்அவுட்டில் 0. மறுபடி அனுப்ப 1. முதலாவதின் பதில் பிந்தி வருகிறது, 0. இரண்டாவதின் பதிலும் வருகிறது, -1. எந்தப் பதில் எதற்கு என்று கவுண்டருக்குத் தெரியாது.

எண்ணுவதை விட்டுவிட்டு ஒரு மெப் வையுங்கள், எந்த ஐடி எந்த ரிக்வெஸ்டுக்கு என்ற பட்டியல்தான் அது. ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் நீங்களே ஒரு ஐடி கொடுங்கள், சேர்வர் பதிலில் அதையே திருப்பித் தரட்டும். எக்ஸ்எம்பிபி என்ற மெசேஜ் நெறிமுறை பல காலமாக இப்படித்தான்: அதன் விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 6120இன்படி ஐகியூ என்ற கேள்வி-பதில் மெசேஜ் ஒவ்வொன்றுக்கும் ஐடி கட்டாயம், பதிலும் அதே ஐடியோடு வரவேண்டும். பதில் வந்தாலோ டைம்அவுட் ஆனாலோ அந்த ஐடியை மெப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். மெப்பில் இல்லாத ஐடிக்குப் பதில் வந்தால் பேசாமல் தள்ளிவிடுங்கள். எத்தனை நிலுவை என்றால் மெப்பின் அளவுதான். மெப்பில் போட்ட பிறகே சொக்கெட்டில் எழுதுங்கள். மாற்றிச் செய்தால் வேகமான வைஃபையில் பதில் முந்திக்கொள்ளும், நான் பட்டிருக்கிறேன்.

3இல் நிற்பது வேறு கதை. இணைப்பு அறுந்ததும் டைமர்களை நிறுத்துகிறீர்கள், ஆனால் கழிப்பதில்லை என்று நினைக்கிறேன். சரியா?

கடலோரக் கோச்சி எழுதியது:

சரி அண்ணா, அப்படியே இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது. அறுந்ததும் மெப்பில் உள்ள எல்லாவற்றையும் தோல்வி என்று முடித்துவிட்டு மறுபடி அனுப்பவா?

கொட்டாஞ்சேனை மழை எழுதியது:

முடியுங்கள், ஆனால் தோல்வி என்று நினைக்காதீர்கள். வட்டம் நின்றுவிடும், வெங்காயம் நிற்காது. பதில் வரவில்லை என்றால் மெசேஜ் போகவில்லை என்று அர்த்தமில்லை. போய்ச் சேர்ந்து, சேமித்து, பதில் மட்டும் கொள்ளுப்பிட்டியில் தொலைந்திருக்கலாம். உங்கள் பக்கத்திலிருந்து இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

அதனால் இரண்டு ஐடி வேண்டும். ரிக்வெஸ்ட் ஐடி ஒவ்வொரு முயற்சிக்கும் புதிது, அது மெப்புக்கு. மெசேஜ் ஐடி பட்டனை அழுத்தும் கணத்தில் ஒரே ஒரு முறை பிறக்க வேண்டும். அதைப் போனிலேயே இருக்கும் எஸ்கியூலைட் டேட்டாபேசில் எழுதி வையுங்கள், ஆப் செத்து எழுந்தாலும் அதே ஐடியோடு போகட்டும். சேர்வர் டேட்டாபேசில் அந்த ஐடிக்கு யுனிக் போடுங்கள், ஒரே ஐடி இரண்டு தரம் பதியாது. இரண்டாம் முறை வந்தால் எரர் காட்டாமல் முதல் முறை சொன்ன பதிலையே சொல்ல வேண்டும். மெட்ரிக்ஸ் என்ற மெசேஜ் நெறிமுறையில் கிளையண்ட் தரும் டிரான்ஸெக்ஷன் ஐடியும், டெலிகிராமில் மெசேஜோடு போகும் ரெண்டம் ஐடியும் இந்த வேலைக்குத்தான்.

பழைய சொக்கெட் எழுதியது:

அவர் சொல்வதுதான் முக்கியம், நான் வட்டத்தை மட்டும் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று. சிக்னல் போனதும் சொக்கெட் அறுந்துவிட்டதாக உடனே தெரியும் என்று நம்பவேண்டாம். ஆண்ட்ரொய்டுக்கு அடியில் இருக்கும் லினக்ஸின் வழமையான அமைப்பில், சொக்கெட்டைத் தாங்கும் டிசிபி 15 தரம் மறுபடி முயன்ற பிறகே கைவிடும். கர்னல் ஆவணக் கணக்கில் அது குறைந்தது 924 செக்கன். அதற்குள் கோட்டையே வந்துவிடும். நீங்களாகப் பிங், அதாவது "இருக்கிறாயா" என்று கேட்கும் சின்ன மெசேஜ், அனுப்பி, சில செக்கனில் பதில் இல்லையென்றால் நீங்களே மூடிவிட்டுத் திரும்ப இணையுங்கள். இணைந்ததும் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் கொட்டாமல், இடைவெளியைக் கூட்டிக் கூட்டி அனுப்புங்கள்.

கடலோரக் கோச்சி எழுதியது:

மூன்று நாள் கோச்சியில் சோதித்தேன். வட்டம் நிற்கிறது, -1 இல்லை. ஆனால் இரண்டாம் நாளும் ஒரு ஓடர் இரட்டையாகப் போனது, நல்லவேளை டெஸ்ட் ஓடர். தேடிப் பார்த்தால் மெசேஜ் ஐடி உண்டாக்கும் வரியை மறுபடி அனுப்பும் ஃபங்ஷனுக்குள்ளேயே வைத்திருக்கிறேன், ஒவ்வொரு முயற்சிக்கும் புது ஐடி. அந்த வரியை வெட்டிப் பட்டனின் கிளிக்கில் ஒட்டினேன். இன்று மருதானை வரைக்கும் போய்த் திரும்பினேன், ஒன்றுக்கு ஒன்றுதான் போகிறது.