வீடு கொடுக்க மறுப்பது வெறும் வெறுப்பா, இனவெறியா?

எல்லீஸ்நகர்க்காரி:

மதுரை எல்லீஸ் நகரில் எங்கள் வீட்டு மாடி போர்ஷன் போன மாதம் காலியானது. அண்ணா நகரில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை பார்க்கும் இரண்டு மணிப்பூர்ப் பெண்கள் வந்து பார்த்தார்கள். வீடு பிடித்துப் போய், அட்வான்ஸ் பேசவும் தயாராக நின்றார்கள். அப்பா முகம் கொடுத்தே பேசவில்லை. அவர்கள் படியிறங்கியதும், "சீனாக்காரி மாதிரி இருக்காளுக, என்னத்தைச் சமைப்பாளுகளோ, வேணாம்" என்று முடித்துவிட்டார்.

இது இனவெறி என்றேன். தம்பி சண்டைக்கு வந்துவிட்டான். "வெள்ளைக்காரன் கறுப்பர்களுக்குச் செய்ததுதான் இனவெறி. அப்பாவுக்கு அவங்களைப் பிடிக்கல, அவ்வளவுதான். அவர் வீடு, அவர் இஷ்டம்."

மறுநாள் புரோக்கர் வந்தார். நீளமான கணக்கு நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். வீட்டுக்கு ஒரு வரி: தெரு, வாடகை, அட்வான்ஸ், போர் தண்ணியா கார்ப்பரேஷன் தண்ணியா. வரியின் கடைசியில் பென்சிலில் "நம்ம ஆளுக", "சைவம்", "பாய் வேணாம்", "வடக்க வேணாம்". பக்கத்துக்குப் பக்கம் இதேதான். எங்கள் வரியைக் காட்டி, "நீங்க சொல்லாட்டியும் தெரியும்மா, போட்டுக்கிட்டேன்" என்றார். அப்பா மனதில் இருப்பதும் அந்த நோட்டில் இருப்பதும் ஒன்றுதானா? வேறு என்றால், எந்த இடத்தில் வேறாகிறது?

உசிலம்பட்டி வாத்தியார்:

தாயி, வெறுப்பும் இனவெறியும் ஒன்றில்லை என்று உன் தம்பி சொன்னது சரி. இனவெறி எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம் நடக்கிற சங்கதி என்று நினைப்பதுதான் தப்பு.

நான் கள்ளர் சீரமைப்புப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் அப்பத்தா கல்யாணமாகி வந்த புதிதில் தாத்தா ராத்திரியில் வீட்டில் படுத்ததே கிடையாது. இருட்டினால் சாவடிக்குப் போய்ப் போலீஸ் காவலில் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். அவர் எதையும் திருடவில்லை. அந்தச் சாதியில் பிறந்திருந்தார், அது போதுமாக இருந்தது. வடக்கே 1871-இல் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பிறகு மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. 1914-இல் கீழக்குயில்குடிக் கள்ளர்கள் மேல் பாய்ந்தது, அப்புறம் ஊர் ஊராக. பத்து விரலையும் மையில் உருட்டி எடுத்துக்கொள்வார்கள். அதனால் எங்கள் பக்கம் அதற்கு ரேகைச் சட்டம் என்றே பேர். அரசாங்கம் ஒரு கூட்டத்தைக் குற்றப் பரம்பரை என்று அறிவித்துவிட்டால் அந்த அறிவிப்பைக் கோர்ட்டில் கேள்வி கேட்கவும் முடியாது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்றவர்களைப் போலீஸ் சுட்டது. செத்தவர்கள் 16 பேர், அதில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947-இல்தான்.

இதில் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது ஒன்று. ரேகை எடுத்த போலீஸ் ஏட்டையாவைப் பற்றி அப்பத்தா ஒரு நாளும் குறை சொன்னதில்லை. "தங்கமான மனுசன், திண்ணையில உக்காந்து வெத்தலை போட்டுட்டுப் போவாரு" என்பார். அவருக்கு எங்கள் மேல் வெறுப்பே இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் தாத்தா சாவடியில்தான் படுத்தார். வெறுப்புக்கு ஓர் ஆள் வேண்டும், தாயி. இனவெறிக்கு ரிஜிஸ்டர் இருந்தால் போதும், அதை எழுதுகிறவன் நல்லவனாகக்கூட இருக்கலாம். உங்கள் புரோக்கருக்கும் அந்தப் பெண்கள் மேல் கோபம் இருக்காது, கமிஷன்தான் கணக்கு. உன் அப்பா ஒருவர் மறுத்திருந்தால் அவர்கள் அடுத்த தெருவில் வீடு பார்த்திருப்பார்கள். நோட்டில் எழுதியாகிவிட்டது என்றால் அடுத்த தெருவும் அடைபட்டுப் போகிறது.

மேலூர்ப் பொண்ணு:

ஐயா சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அதே உசிலம்பட்டிப் பக்கம்தான் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் இருக்கின்றன. 1996-இல் ஊராட்சித் தலைவர் பதவியைத் தலித்துகளுக்கு ஒதுக்கினார்கள். ஆதிக்கச் சாதிக்காரர்கள் விடாததால் முறையான தேர்தல் நடக்க 2006 ஆனது. எங்கள் மேலூர்ப் பக்கம் மேலவளவில் ஒரு தலித் தலைவராக ஜெயித்தே விட்டார். 1997 ஜூன் 30 அன்று அந்த முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். உத்தப்புரத்தில் தலித் மக்களை மறித்துக் கட்டிய சுவரில் ஒரு பகுதியை 2008 மே மாதம்தான் இடித்தார்கள். இங்கெல்லாம் வெள்ளைக்காரன் இல்லை, ரிஜிஸ்டரும் இல்லை. ஊரே மனப்பாடமாக வைத்திருக்கிறது.

என் பள்ளித்தோழியின் அம்மா என்மேல் உயிரையே வைத்திருந்தார். பரீட்சை நேரத்தில் எனக்கும் சேர்த்துத்தான் விபூதி பூசி அனுப்புவார். ஆனால் எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காப்பி வரும், எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் வரும். ஐயா சொன்ன அந்தப் போலீஸ் ஏட்டையாவைப் பற்றிப் படித்ததும் எனக்குத் தோழியின் அம்மா ஞாபகம்தான் வந்தது.

கே.கே.நகர் வக்கீல்:

தம்பிக்காக இரண்டு விஷயம். இனப்பாகுபாட்டுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை 1965-இல் வந்தது, இந்தியா 1968-இல் ஏற்றது. அதில் நிறத்தோடு வம்சாவளியும் சேர்ந்தே இருக்கிறது. சாதியும் இதற்குள் வரும் என்று அந்த உடன்படிக்கையைக் கவனிக்கும் குழு 2002-இல் சொல்லிவிட்டது. நம் அரசாங்கம்தான் இதை ஒப்புக்கொள்ளாமல் இருக்கிறது, இனவெறிக்கு எதிராக ஐ.நா. 2001-இல் டர்பனில் நடத்திய மாநாட்டிலும் ஒப்புக்கொள்ளவில்லை. என்னைக் கேட்டால் அது கூச்சத்தில் எடுத்த நிலைப்பாடு.

இன்னொன்று வீடு பற்றியது. அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு கடை, ஹோட்டல், கிணறு, குளம் என்று பெயர் சொல்லிப் பாகுபாட்டைத் தடுக்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. 2014-இல் டெல்லியில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா அடிபட்டு இறந்த பிறகு அமைத்த பெஸ்பருவா குழு, வடகிழக்கு மக்களை இனத்தைச் சொல்லி இழிவுபடுத்துவதற்குத் தனிச் சட்டப்பிரிவு கேட்டது. அப்பாவின் மனதைச் சட்டம் போட்டு மாற்ற முடியாது, சரி. நோட்டை மாற்றலாம்.

உசிலம்பட்டி வாத்தியார்:

மேலூர்த் தங்கச்சி சொன்னதில் ஒரு வார்த்தைகூட மறுக்க மாட்டேன். ரேகை வைத்தவர்களின் பேரன்மார்தான் அந்தத் தேர்தலை நடக்கவிடாமல் நின்றார்கள். வகுப்பில் பெருங்காமநல்லூரைச் சொன்னால் பிள்ளைகள் கொதித்துப் போவார்கள். பாப்பாபட்டியைச் சொன்னால் பாதிப் பேர் டெஸ்க்கைப் பார்ப்பார்கள், ஒன்றிரண்டு பேர் எழுந்து சண்டைக்கு வருவார்கள். இரண்டையும் ஒரே பீரியடில்தான் சொல்லிக்கொடுத்தேன். தனித்தனியாகச் சொன்னால் முதல் பாடம் வெறும் சாதிப் பெருமையாகிவிடும்.

எல்லீஸ்நகர்க்காரி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று அப்பாவிடம் நோட்டு விஷயத்தைச் சொன்னேன். "நான் நம்ம வீட்டுக்குத்தானம்மா வேணாம்னேன், ஊருக்கே வேணாம்னா சொன்னேன்?" என்று கேட்டார். மற்ற வீடுகளிலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள் என்றேன். பதில் பேசவில்லை, இன்னும் சம்மதிக்கவும் இல்லை. புரோக்கரைக் கூப்பிட்டு எங்கள் வரியில் இருந்ததை நானே அழித்தேன்.

அந்தப் பெண்கள் இன்னும் ஹாஸ்டலில்தான் இருக்கிறார்கள். அண்ணா நகர், கே.கே.நகர் பக்கம் எட்டாயிரத்துக்குள் சின்ன வீடு இருந்தால் இங்கேயே சொல்லுங்கள். வக்கீல் சார், உங்கள் தெருவிலும் கொஞ்சம் விசாரிக்க முடியுமா?